மேடையில் சொன்ன வார்த்தை

தூத்துக்குடியில் கல்யாணப் படம் என்றால் ஜெனோவாதான். வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த பொன்னுதுரைக்கு ஐம்பதை நெருங்குகிறது. பிளெக்ஸ் பேனர் கடை படுத்துவிட, இந்தப் பக்கம் வந்தவர். அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

போன மாதம் ஒரு கேமரா கம்பெனி ஜெனோவாவை ஓட்டல் மேடையில் ஏற்றியது. "இதுக்கு மேல ஒரு கேமரா கிடையாது" என்று மைக்கில் சொன்னாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கீழே உட்கார்ந்து காது குளிரக் கேட்டுவிட்டு வந்த பொன்னுதுரை, மாடியில் ஓர் அறை கட்ட இறக்கி வைத்திருந்த செங்கல்லையும் கம்பியையும் விற்று அந்தக் கேமராவை வாங்க முடிவு செய்தார். அந்த அறைக்காகப் பல வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியவள் மனைவி ராஜகனி. "சரி, வித்திருங்க" என்று மட்டும் சொன்னாள். சண்டை போட்டிருந்தாலாவது அவருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

விற்பதற்கு முந்தின நாள் காலை ஒரு கல்யாண வீட்டில் விளக்குகளைப் பொருத்தியபடியே கேட்டுவிட்டார்.

"டீச்சர், பெரிய போட்டோகிராபருங்க மேடையில கேமராவைப் புகழுதாங்கல்லா. அதை நம்பலாமா?"

"யார் சொன்னதை அண்ணாச்சி?"

"நீங்க சொன்னதைத்தான். நாளைக்குச் செங்கல் ஏத்த லாரி வருது."

ஜெனோவாவுக்கு முகம் மாறியது. செங்கல் கதை அவளுக்கும் தெரியும். தன் கேமராவை அவர் கையில் கொடுத்தாள்.

"முதல்ல பொண்ணை எடுங்க."

மணப்பெண்ணுக்கு முன்பற்கள் சற்றுத் தூக்கல். கேமரா உயர்ந்தால் போதும், கை தானாக வாயை மூடிக்கொள்ளும். பாவம், சின்ன வயதிலிருந்து யார் யார் என்னென்ன சொன்னார்களோ.

பொன்னுதுரை ஒரு தடவை அழுத்தினார். "சூப்பர்மா! அருமை!"

அவள் நம்பவில்லை. ஆனாலும் கை பாதி இறங்கியது.

"அடடா, இதுல்லா படம்! அப்படியே இருங்க!"

கை மடிக்கு வந்துவிட்டது. அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் உர்ரென்று நின்ற அத்தைகூடச் சிரித்துவிட்டாள். பொன்னுதுரைக்கு மனசு நிறைந்துபோனது.

எடுத்து முடித்ததும் ஜெனோவா அவரை ஜன்னலோரம் அழைத்தாள். கேமராத் திரையில் படங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய் முதல் படத்தில் நிறுத்தினாள். அதில் பெண்ணின் முகத்தைவிடக் கைதான் அதிகம் இருந்தது.

"இதுக்கா அண்ணாச்சி சூப்பர்னு சொன்னீங்க?"

அவர் நெளிந்தார். "படத்தைப் பார்த்துட்டா சொல்லுதோம் டீச்சர்? பிள்ளை பயந்து கிடந்துச்சு. பயம் போகட்டும்னு சொன்னேன்."

"நானும் அன்னைக்குக் கேமராவைப் பார்த்துட்டுச் சொல்லல. மேடையிலதான் பெட்டியையே பிரிச்சாங்க."

பொன்னுதுரைக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. லாரி வேறு கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் அவள் தலை குனிந்து நின்ற விதத்தைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது. தங்கச்சி வயசுப் பிள்ளை.

"நான் அந்தப் பொண்ணு பயந்துச்சேன்னு சொன்னேன். அந்த மேடையில யாரு டீச்சர் பயந்து நின்னா?"

ஜெனோவா கேமராத் திரையை அணைத்தாள்.

"நான்தான் அண்ணாச்சி. புகழலைன்னா அடுத்த வருசம் வேற யாரையாவது மேடையில ஏத்திருவாங்களோன்னு."