பாவாத்தா முள்ளுக்காட்டைத் தோண்டுன கதை

ஒரு ஊர்ல பாவாத்தான்னு ஒருத்தி இருந்தா. காங்கயத்துக்குத் தெக்கால. அவளுக்கு ஒரு கொறங்காடு இருந்துச்சு. கொறங்காடுன்னா ஆடு மாடு மேயறதுக்குன்னே கிளுவை வேலி போட்டு விட்ட புல்லுக்காடு. கேக்கறயா கண்ணு? ம் கொட்டோணும்.

அங்க கொழுக்கட்டைப்புல்லு முழங்கால் ஒசரம் நிக்கும். அப்புறம் சீமைக்கருவேலம் வந்துச்சு. மொதல்ல ஒண்ணு, அப்புறம் ஒரு கும்பல், அப்புறம் பாத்தா காடு பூராவும் முள்ளு. புல்லையே காணோம். அவளோட செவலை மாடு முள்ளுக்குள்ள மூக்கை விட்டுட்டு 'ம்மா'ன்னு கத்துது. வெலா எலும்பு தெரியுது.

அவ வூட்டுக்காரன் சென்னியப்பன் சொன்னான், "மாட்டை வித்துப்போடலாம் புள்ள. காடு அவ்வளவுதான்."

"மாடு இங்கதான் மேயும். முள்ளுதான் போகோணும்"னா பாவாத்தா.

அப்புறம் அருவாளை எடுத்தா. சதக், சதக், சதக்! அத்தனையும் வெட்டிச் சாச்சா. கையெல்லாம் ரத்தம். மழை பேஞ்சுது. வெட்டுன அடிக்கட்டையில இருந்து கொத்துக் கொத்தா கிளைச்சு வந்துருச்சு.

அப்போ என்ன பண்ணுனா? கட்டை மேல சருகைக் குவிச்சுத் தீ வெச்சா. சடசடசடன்னு எரிஞ்சுது. மறுபடியும் மழை. கருகுன கட்டைக்குப் பக்கத்துலயே பச்சைத் துளிரு!

அன்னைக்குத்தான் பாவாத்தா உக்காந்து அழுதா. அழுது முடிச்சு, மூக்கைச் சிந்திட்டு, கடப்பாரையை எடுத்தா.

மண்ணு ஈரமா இருக்கறப்பவே ணங்கு ணங்குன்னு குத்தி, வேரோட நெம்புனா. சென்னியப்பன் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னான். அப்புறம் வந்து மறுபக்கம் புடிச்சான். தோண்டுன எடத்துல எல்லாம் புல்லு விதையைத் தூவுனாங்க. புல்லு முளைச்சுது. ஆனா கூடவே குட்டிக் குட்டியா கருவேலங்கன்னும் முளைச்சுது!

எங்கிருந்து வந்துச்சு? வேலிக்கு அந்தப்பக்கம் ஓரகத்தி நல்லம்மாவோட காடு, சென்னியப்பனோட அண்ணன் பொண்டாட்டி. அங்கயும் முள்ளுதான். அந்த மரத்துல காஞ்சு தொங்கற நெத்துக்காயைத் தின்னுட்டு நல்லம்மாவோட வெள்ளாடு வேலி தாண்டி வந்து இங்க புழுக்கை போடும். அதுல இருக்கற விதை முளைக்கும். ஆனா பாகம் பிரிச்சதுல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது.

பாவாத்தா கடப்பாரையைத் தோள்ல வெச்சுக்கிட்டு நேரா அங்க போனா.

நல்லம்மா பதறிப்போயி, "எதுக்குடி கடப்பாரை?"ன்னா.

"உங்க முள்ளைத் தோண்டத்தான்க்கா."

"நான் கூப்பிடலையே?"

"நீங்க கூப்பிடல. உங்க ஆடு கூப்பிட்டுச்சு. இங்க முள்ளு இருக்கற வரைக்கும் என் காட்டுல புல்லு நிக்காது. எங்கூடப் பேசவேண்டாம், வேலிப் படலை மட்டும் தொறந்து விடுங்க."

நல்லம்மா உள்ள போயிட்டா. பாவாத்தா வெயில்ல அப்படியே நின்னா. நகரல. அப்புறம் நல்லம்மா வெளிய வந்தா. கையில மம்முட்டி!

அடுத்த மழைக்கு ரெண்டு காட்டுலயும் புல்லு. செவலை மாடு தலையே தூக்காம சரக் சரக்குன்னு மேஞ்சுது. ஆனா அந்த முள்ளு லேசுல விடுமா? ஒவ்வொரு மழைக்கும் எட்டிப்பாக்கும். ஒவ்வொரு மழைக்கும் ரெண்டு பேரும் சேந்தே கன்னு புடுங்கப் போவாங்க.

"அக்கா, அதா அங்கொண்ணு"ம்பா இவ.

"பாத்துட்டேன் போடி"ம்பா அவ.

அவ்வளவுதான் கண்ணு. கதை மேஞ்சு முடிச்சுப் படுத்துருச்சு, நீயும் தூங்கு.