ஓக் மரத்தைக் கெடுத்தவன் பேர்

ஊட்டிப் பக்கம் ஜம்புலிங்கம் என்றொரு எஸ்டேட் முதலாளி. அவர் வாயைத் திறந்தால் தேயிலைச் செடியே நடுங்கும். அவர் பங்களா வாசலில் நின்ற ஓக் மரம் பட்டை வெடித்துக் கறுப்பு நீர் வடித்தது.

"மரத்தைக் கெடுத்தவன் பேர் சாயங்காலத்துக்குள்ள வேணும். இல்லேன்னா லயத்து வீட்டைக் காலி பண்ணு," என்றார் தோட்டக்காரி சிவக்கொழுந்திடம்.

கைக்குழந்தையோடு எங்கே போவாள்? மரத்தைச் சுற்றியிருந்த சிமெண்ட் மேடையை ஒரு மூலையில் பெயர்த்தாள். நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே தண்ணீர் தேங்கி வேரெல்லாம் அழுகியிருந்தது.

சாயங்காலம் எல்லாரையும் கூட்டிவைத்து, "சொல்லு பேரை," என்று உறுமினார் முதலாளி.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கய்யா. இந்த மேடைதான் மரத்தைக் கெடுத்துச்சு. கட்டினவர் பேர் அதுலயே இருக்குது, நீங்களே படிச்சிருங்க."

மேடையில் பதித்திருந்த பளிங்குக் கல்லில் கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தது: 'உபயம்: ஜம்புலிங்கம்'.

மறுநாள் மேடையை உடைத்து, அழுகின வேரை வெட்டினார்கள். மரத்துக்கு மூச்சு வந்தது. சிவக்கொழுந்துக்கும்தான்.