நாற்பது குதிகால்கள்

டக், டக், டக். முப்பது வருடமாகியும் அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. தரை எட்டாத நாற்பது குதிகால்கள் பெஞ்சுக் கட்டையில் இடிக்கும் சத்தம்.

அப்போது நான் எங்கள் நாட்டின் கல்விக்கொள்கையை எழுதும் குழுவில் இருந்தேன். உதவிக்கு வந்திருந்தவர் ஹென்ரிக், பனி கொட்டும் நாட்டுக்காரர். அவர் நாட்டுத் திட்டத்தில் ஒரு விதி: முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளியை மூடிப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க வேண்டும். அங்கே பஸ் இருக்கிறது. எங்கள் சிப்பித்தீவைச் சுற்றி இருப்பது கடல். அந்தத் தீவுப் பள்ளியில் பிள்ளைகள் இருபது பேர்.

திங்கட்கிழமை வரைவைக் கொடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஹென்ரிக்கோடு தீவுக்குப் படகேறினேன். அங்கே ஒரே ஆசிரியை அமலோற்பவம். என்னைவிடப் பத்து வயது சின்னவள். எதில் குழம்பினாலும் அவளிடம்தான் ஓடுவேன். "குருவைப் பார்க்கவா?" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

"டீச்சர், இவங்க திட்டத்தை அப்படியே எடுத்துக்கறதா, வேண்டாம்னு திருப்பி அனுப்பறதா?"

"முதல்ல உட்காருங்கக்கா."

ஹென்ரிக்கும் உட்கார்ந்தார். அவர் நாடு அன்பளிப்பாக அனுப்பிய பெஞ்சு. நல்ல மரம்.

"எனக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறதே!" என்று ஆங்கிலத்தில் மகிழ்ந்தார்.

"அதான் சார் சங்கதி," என்றாள் அமலோற்பவம்.

அவர் தன் பக்கத்தில் தொங்கிய பிள்ளைகளின் கால்களைப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு பிள்ளைகளைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

படகு கட்டும் கொட்டகையிலிருந்து ரம்பம் வந்தது. இரண்டு பக்கமும் பிடி வைத்த பெரிய ரம்பம்.

"பெஞ்சுக் காலை எவ்வளவு அறுக்கணும்?" என்றேன். ஹென்ரிக் நான்கு விரல் காட்டினார். நான் ஆறு என்றேன்.

வகுப்பிலேயே குட்டையான அஞ்சலையை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்த்தினாள் அமலோற்பவம். சாக்பீஸை அவள் கையில் கொடுத்தாள்.

"உன் பாதம் எதுவரைக்கும் வருது? பெஞ்சுக் காலில அங்கே ஒரு கோடு போடு."

பெஞ்சைக் கவிழ்த்தோம். ஒரு பிடி ஹென்ரிக்கிடம், மறுபிடி என்னிடம். நான் வேகமாகத் தள்ளினேன். ரம்பம் வளைந்து நின்றுவிட்டது.

"தள்ளாதீங்கக்கா! உங்க பக்கம் இழுங்க. அவர் இழுக்கும்போது விட்டுக்கொடுங்க."

மரத்தூள் கொட்டத் தொடங்கியது.

புறப்படும்போது மறுபடியும் கேட்டேன்.

"ஏத்துக்கறதா, வேண்டாமா? பதிலே சொல்லலையே."

"ரம்பத்தை ரெண்டு பேரும்தான் இழுத்தீங்க. கோடு போட்டது யாரு?"

படகில் வரைவை, அந்த முப்பது பிள்ளைகள் விதி இருந்த பக்கத்தில் விரித்தேன். ஹென்ரிக் தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

அஞ்சலை ஐந்தாம் வகுப்புவரை அந்தப் பள்ளியிலேயே படித்தாள்.