சந்தையில் ஒலித்த கட்டியம்

செம்மேட்டுச் சீமையை ஆண்ட செங்கோடராயருக்கு ஒரு யோசனை தோன்றினால் ஊருக்கே காய்ச்சல் வரும். ஒரு வியாழக்கிழமை சந்தையில் எவனோ ஒரு முரடன் திடீரென்று கத்தியை உருவி, எண்ணெய் வியாபாரியின் தோளைக் கீறிவிட்டு ஓடிப்போனான். சுற்றி நின்ற நூறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

மறுநாளே ஆணை பிறந்தது. "திடீரென்று ஒருவன் பாய்ந்தால் தப்பிக்க எல்லோருக்கும் தெரிய வேண்டும். முதலில் அரசவையினர் கற்கட்டும். மல்லையா வஸ்தாது சிலம்பம் சொல்லித் தருவார்."

ஆலோசகர் வெண்காடர் முன்னால் வந்தார். அரண்மனைப் படி ஏறவே நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிற உடம்பு அவருக்கு.

"மகாராஜா, வஸ்தாதுவிடம் அறுபத்து நாலு அடவுகள் இருக்கின்றன. நான் அதில் ஒன்றைத் தேடி எடுக்கும்வரை கத்திக்காரன் காத்திருப்பானா?"

சபை சிரித்தது. மல்லையாவின் மீசை துடித்தது.

"அடுத்த சந்தையில் நானே இவர்மேல் பாய்கிறேன் மகாராஜா! நேரம் சொல்லமாட்டேன். இவர் தரையில் விழுந்தால் இவர் பதவி என் மைத்துனனுக்கு. நான் விழுந்தால் இவருக்குப் பயிற்சியே வேண்டாம்!"

"பேஷ்! அப்படியே ஆகட்டும்!" என்று தொடையைத் தட்டினார் ராயர். அவருக்கு வேடிக்கை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

இருபது வருடப் பதவி. வெண்காடர் உண்மையாகவே பயந்தார். ஆனால் சிலம்பத்தைத் தொடவில்லை. அரண்மனைக் கட்டியக்காரர் வீட்டுக் கொல்லையில் போய் ஒரு வாரம் தொண்டையைத் தீட்டினார். அக்கம்பக்கத்தார் கன்று ஈனப் பசு கதறுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வியாழன் வந்தது. வெண்காடர் கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டிருந்தார். புளி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து கம்பைச் சுழற்றியபடி பாய்ந்தார் மல்லையா.

வெண்காடர் திரும்பவில்லை. வாயைத் திறந்தார்.

"ராஜாதிராஜ ராஜகம்பீர செங்கோடராய மகாராஜா வருகிறார்! பராக்! பராக்!"

அந்தச் சீமையில் கட்டியம் கேட்டால், சொல்கிறவரைத் தவிர மற்றவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். முப்பது வருடம் அரண்மனைச் சோறு தின்ற உடம்பு வஸ்தாதுவுடையது. கம்பு ஒரு பக்கம் உருண்டது. அவர் கத்தரிக்காய்க் கூடைக்குள் மீசை புதைய விழுந்தார். சந்தையே விழுந்து கிடந்தது.

வெண்காடர் நிதானமாகக் கம்பை எடுத்துக்கொண்டார். "வஸ்தாது, இப்போது தரையில் கிடப்பது யார்?"

மல்லையா தலையைத் தூக்கிப் பார்த்தார். பல்லக்கு இல்லை, குடை இல்லை.

"மோசம்! மகாராஜா வராமலே கட்டியம் சொன்னால் நாடு கடத்த வேண்டும், அதுதான் சட்டம்! காவலர்களே, பிடியுங்கள் இவரை!"

காவலர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.  வெண்காடரின் கண்கள் சந்தையைத் துழாவின. காய்க்காரர், வளையல்காரர், எருமை ஓட்டி வந்தவர், எல்லோரும் குப்புறக் கிடந்தார்கள். அப்பாடா! பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் மட்டும் ஒரு முண்டாசுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவருடைய வலது கை ஆசீர்வாதம் செய்யும் பாவனையில் உயர்ந்திருந்தது.

வெண்காடர் அங்கே போய்க் கும்பிட்டார். "பூசணி என்ன விலை, மகாராஜா?"

ராயர் தன் கையை அண்ணாந்து பார்த்தார். அது எப்போது உயர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஒட்டு மீசை கீழே விழ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மல்லையாவும் கூடையை விட்டு எழுந்து, வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"பயிற்சி உமக்கு வேண்டாம், வெண்காடரே. பதவியும் உமக்கே" என்று மேல்துண்டுக்குள் மறைத்திருந்த முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார் ராயர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது சரி, நான் இன்று சந்தைக்கு வராமல் இருந்திருந்தால்?"

"நான் உதை வாங்குகிற அன்றைக்கா, மகாராஜா?"