பிங்கிள் துரையை நடுங்க வைத்த இங்கிலீஷ்

வெள்ளிமடைப் பாளையத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். வரைந்தவன் பேனாவை உதறியபோது ஒரு சொட்டு மை அதன்மேல் விழுந்துவிட்டது. அதோடு ராஜ்யம் முழுவதும் மறைந்துவிட்டது. அவ்வளவு பெரிய ராஜ்யம். ஒரு கோட்டை, இரண்டு பீரங்கி. ஒரு பீரங்கிக்குள் புறா குடும்பம் நடத்தியது. ராஜாவின் பெயர் மட்டும் அகிலாண்ட பூபதி.

ராஜாவிடம் வேதகிரி துபாஷியாக இருந்தார். வெள்ளைக்காரன் பேசுவதைத் தமிழில் சொல்வதும், ராஜா பேசுவதை இங்கிலீஷில் சொல்வதும் அவர் வேலை. லேசான வேலைதான். வெள்ளைக்காரன் வராதவரை.

வரப்போகிறான் என்று சேதி வந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் பிங்கிள் துரை மறுநாள் வருகிறார். ராஜாவின் பாதுகாப்புக்காகக் கும்பினிச் சிப்பாய்களைக் கோட்டைக்குள் நிறுத்தப் போகிறார்களாம். பக்கத்துப் பாளையத்து ராஜாவுக்கும் இப்படித்தான் பாதுகாப்புக் கிடைத்தது. அவர் இப்போது மிகவும் பத்திரமாக ஒரு சத்திரத்தில் இருக்கிறார். கோட்டையில் சிப்பாய்கள் இருக்கிறார்கள்.

சபை கூடிக் கவலைப்பட்டது. ராணியின் தம்பி அளகேசன் மட்டும் துள்ளி எழுந்தான். சென்னைப்பட்டணத்தில் கொஞ்ச காலம் சுற்றிவிட்டு வந்தவன். அதற்குப் பிறகு தமிழ் பேசும்போது முகம் சுளிப்பான்.

"இதுக்கா கவலை, அத்தான்? அவன் பாஷையிலேயே அவனை மிரட்டிடுவோம். பயமுறுத்த மட்டும் இங்கிலீஷ்ல எத்தனை வார்த்தை இருக்கு தெரியுமா! திடுக்கிட வெச்சா 'ஸ்கேர்'. பயப்பட வெச்சா 'ஃபிரைட்டன்'. குலை நடுங்க வெச்சா 'டெரிஃபை'. இதைச் செய்யலைன்னா தொலைச்சிடுவேன்னா 'த்ரெட்டன்'. கையை ஓங்காமலே ஆளை ஒடுக்கினா 'இன்டிமிடேட்'. எல்லாத்தையும் ஒரே மூச்சில சொல்லுங்க. ஓடிடுவான்!"

ராஜாவுக்கு உடம்பெல்லாம் வீரம் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து மடைப்பள்ளிப் பரிசாரகர் பானகம் கொண்டுவந்தார். ராஜா மீசையை முறுக்கி, அவரைப் பார்த்து உறுமினார்.

"டெரிஃபை!"

பரிசாரகர் பணிவாகக் குனிந்தார். "ஆகட்டும் மகாராஜா. வறுத்துப் பண்ணட்டுமா, மோர்க்குழம்புல போடட்டுமா?"

வேதகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் வினை.

"என்ன ஓய் சிரிப்பு?"

"அரசே, ஒருவனைப் பார்த்து 'குலை நடுங்க வை!' என்று கத்தினால் அவன் நடுங்குவானா? யாரை என்று கேட்பான். துரையும் அதைத்தான் கேட்பார்."

"அப்படியானால் துரையை நடுங்க வைக்கிற இங்கிலீஷை நீரே கொண்டு வாரும். நாளைக்கு அவன் நடுங்கினால் உமக்கு வெகுமதி. நடுங்காவிட்டால் உம் நாக்கு எனக்கு."

"நாக்கை வைத்துத்தானே பிழைக்கிறேன், அரசே!"

"அதனால்தான் அதைக் கேட்டேன்."

அளகேசன் குஷியாகப் பானகத்தை எடுத்துக் குடித்தான்.

வேதகிரி யோசித்துப் பார்த்தார். எத்தனையோ துரைகளுக்கு வாயாக இருந்தவர் அவர். கத்தின துரை எவனும் எதையும் பிடுங்கிக்கொண்டு போனதில்லை. கத்துவான், வியர்ப்பான், குடித்துவிட்டுப் படுப்பான். குரலைத் தாழ்த்தி, தொப்பியைக் கழற்றி, தேனாகப் பேசினவன்தான் கோட்டையோடு போனான். அந்தத் தேனையெல்லாம் தமிழாக்கித் தந்தது இதே நாக்குதான். வெட்டினால்கூடக் குற்றமில்லை என்று அவருக்கே தோன்றியது. ஆனாலும் சோறு ருசிக்க அது வேண்டுமே.

"அரசே, தாங்கள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். துரை என்ன சொல்கிறாரோ அதையே அவருக்குத் திருப்பிச் சொல்லுங்கள். சிரித்த முகம் மாறக் கூடாது. குரல் உயரவே கூடாது."

மறுநாள் பிங்கிள் துரை வந்தார். தொப்பியைக் கழற்றி, இடுப்பு வரை வளைந்தார். வேதகிரி இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"தங்கள் மிகத் தாழ்மையான, கீழ்ப்படிந்த ஊழியன்" என்றார் துரை.

ராஜாவும் வளைந்தார். "தங்கள் மிகத் தாழ்மையான, கீழ்ப்படிந்த ஊழியன்."

துரையின் புருவம் லேசாக ஏறியது. "கும்பினி தங்கள் உற்ற நண்பன்."

"கும்பினிக்கு நாங்களும் உற்ற நண்பர்."

"காலம் கெட்டுக் கிடக்கிறது. தங்கள் பாதுகாப்புக்காக எங்கள் ஆட்களைத் தங்கள் கோட்டையில் நிறுத்துகிறோம்."

"காலம் ரொம்பக் கெட்டுக் கிடக்கிறது. தங்கள் பாதுகாப்புக்காக எங்கள் ஆட்களைத் தங்கள் பங்களாவில் நிறுத்துகிறோம்."

துரை கைக்குட்டையை எடுத்தார். "தாங்கள் மறுத்தால்... நாங்கள் மிகவும் வருந்துவோம்."

ராஜா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "தாங்கள் மறுத்தால் நாங்களும் மிகவும் வருந்துவோம்."

துரையின் முகத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆயிற்று. கும்பினி வருந்தினால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? வருத்தம் தெரிவித்த மறுநாள் எத்தனை கோட்டை வாசலில் பீரங்கியோடு நின்றிருக்கிறார்! அந்தப் பேச்சைத் தன் காதால் கேட்டுக்கொள்வது இதுதான் முதல் தடவை. புறா எட்டிப் பார்க்கும் பீரங்கியை ஓரக்கண்ணால் பார்த்தார். 'இந்த ஓட்டைப் பீரங்கியை வைத்துக்கொண்டு இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான் என்றால், இவனுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரன் படையோடு நிற்கிறான்!'

"சிப்பாய் விஷயத்துக்கு அவசரமே இல்லை" என்று முணுமுணுத்தார். பல்லக்கு வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. தொப்பியை மறந்துவிட்டு நடையைக் கட்டினார்.

சபை ஆர்ப்பரித்தது. ராஜா துரையின் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஓய் வேதகிரி, அளகேசன் சொன்னானே, அதில் இது எந்த வார்த்தை?"

"இன்டிமிடேட், அரசே. நல்லவேளை, அதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை."

"அதைத்தானே அத்தான் நானும் சொன்னேன்!" என்றான் அளகேசன்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றினார். இடுப்பு வரை வளைந்தார்.

"வேதகிரி, இனி நீர் என் உற்ற நண்பர். நான் உம்முடைய தாழ்மையான ஊழியன். என்ன வேண்டும், கேளும்."

வேதகிரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

"நாக்குத்தான் வேண்டுமென்றால் நேராகவே கேட்டுவிடுங்கள், அரசே!"