படத்துக்கு நிற்கிற மயிலைக்காளை

தப்பு பூராவும் உங்க மேலதான், ஸ்டுடியோக்காரரே. உங்க பேரை எழுதமாட்டேன். எழுதினா உங்க கடைக்கு ஓசி விளம்பரமாப் போயிரும். நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்ப நடுரோட்டில் நிற்கிற என்ற மயிலைக்காளைக்கும் தெரியும். நடந்ததை முதல்ல இருந்து சொல்றேன். கேட்டுட்டு நீங்களே நாயம் பேசுங்க.

நான் மாட்டுத் தரகன். பள்ளிக்கூடத்துல படிச்சது கொஞ்சம், சந்தையில அடிபட்டுப் படிச்சது மிச்சம். சென்னியப்பன் பேரம் பேச உட்கார்ந்தா எதிராளி துண்டை உதறிட்டு ஓடிருவான்னு செங்காட்டுப்புதூர்ச் சந்தையில எனக்குப் பேர். அந்தப் பேர்தான் என்னைக் கவுத்துச்சு.

இந்த மயிலையை வாங்கறப்ப விலையைக் குறைக்கோணும்னு சந்தையே கேட்கிற மாதிரி கத்தினேன். "இது மாடா? முன்னங்கால் கோணல், கண்ணு மங்கல், நடந்தா நாலு காலும் நாலு ஊருக்குப் போகுது." விலை குறைஞ்சுது, வாங்கிட்டேன். மறுவாரம் அதையே விற்கக் கொண்டுபோனா ஒருத்தனும் கிட்ட வரலை. "கண்ணு மங்கல்னு நீங்கதானுங்களே சொன்னீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த மாட்டுக்குப் போயிட்டாங்க. அவ்வளவு நல்லாப் பேசியிருக்கேன்.

இனி என்ற குரலைக் கேட்காத ஆளாப் பார்த்துத்தான் விற்கோணும். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் போன்ல கிடைச்சார். "போட்டோ அனுப்புங்க. பிடிச்சா லாரியோட வர்றேன்"னார். அனுப்பினேன். "மூக்கணாங்கயிறு நல்லாருக்கு. மாட்டை எப்ப அனுப்புவீங்க?"ன்னு பதில் வந்துச்சு.

அப்பத்தான் உங்ககிட்ட வந்தோம். நான், என்ற மச்சினன் ராக்கியண்ணன், கூடத் தரகு பார்க்கிற அவிநாசியப்பன். நீங்க வாடகைக்கு ஒரு கேமரா குடுத்து, எடுத்துட்டு வாங்க, குறை சொல்றேன்னு சொன்னீங்க. ராக்கியண்ணன் அதைத் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, அடியில இருந்த மூடியைத் திறந்து பார்த்தான். "மச்சான், பல்லே இல்லீங்க. கிழட்டு உருப்படியாட்ட இருக்குது." அப்பவே நாங்க எந்திரிச்சு வந்திருக்கோணும்.

நீங்க ஒரு சக்கரத்தைக் காட்டி, "இது படம் பிடிக்கிற வேகம். மாடு ஆடிக்கிட்டே இருக்கும், அதனால இதை ஐந்நூறுல வைங்க"ன்னீங்க. சொன்ன நம்பருக்குத் தலையாட்டிட்டு வர நான் என்ன நேத்துப் பிறந்தவனா? "இருபது"ன்னேன். "என்னது"ன்னீங்க. "சரி, இருபத்தஞ்சு"ன்னேன். நீங்க சிரிச்சீங்க. எதிராளி சிரிச்சா இறங்கறான்னு அர்த்தம். "முப்பது. அதுக்கு மேல பேச்சில்லை"ன்னு சக்கரத்தைத் திருகிக்கிட்டு, உங்க மனசு மாறுறதுக்குள்ள பஸ் ஏறிட்டோம். ஐந்நூறை முப்பதுக்கு முடிச்ச சந்தோசத்துல அவிநாசிக்கு நான் டீ வேற வாங்கிக் குடுத்தேன்.

படத்துல பார்த்தா வெறும் புகை.

"மாட்டைக் காணமே மச்சான்."

"மாடு இருக்குது மாப்ளை. அவசரத்துல இருக்குது."

திரும்ப வந்தோம். நீங்க படத்தைப் பார்த்துட்டு, ஐந்நூறுன்னா ஐந்நூறுதான்னு ஒரே பிடியா நின்னுட்டீங்க. தோத்தேன், ஒத்துக்கறேன். ஆனா கேட்ட நம்பரை அப்படியே குடுத்தேன்னு ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்குச் சந்தையில எவன் என்னை மதிப்பான்? அவிநாசிதான் வழி சொன்னான்.

"அண்ணே, மாட்டு விலையை எப்படிப் பேசறோம்? துண்டுக்கடியில விரலைப் பிடிச்சுத்தான? இதையும் துண்டுக்கடியிலயே வெச்சுக்கலாம். ஐந்நூறா அம்பதான்னு எவனுக்குத் தெரியும்?"

அப்படியே கேமரா மேல துண்டைப் போட்டு, உள்ள கையை விட்டு ஐந்நூறு வெச்சு, உள்ள வெச்சே அமுக்கினோம். நாள் பூரா எடுத்தோம். அத்தனையும் கருப்பு. துண்டை எடுக்கோணும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலை.

அதையும் பார்த்துட்டு, "வெளிச்சம் போதலை. சூரியன் எப்பவும் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கோணும்"னு சொல்லி அனுப்பிச்சீங்க. நாங்களும் சூரியன் நகர நகரத் திரும்பிக்கிட்டே வந்தோம். உச்சிவேளை ஆச்சு. சூரியன் மண்டைக்கு மேல வந்து நின்னுக்கிச்சு. மூணு பேரும் உட்கார்ந்து யோசிச்சோம்.

"இப்ப முதுகுக்குப் பின்னால வராதுங்க. நாமதான் முதுகைக் கொண்டுபோய் அதுக்கு முன்னால வைக்கோணும்"னான் ராக்கியண்ணன்.

"எப்படி?"

"குப்புறப் படுக்கோணும்."

படுத்தான். சாணியிலதான் படுத்தான், ஆனா முதுகு சரியாச் சூரியனுக்கு நேரா இருந்துச்சு. படத்துல குளம்பு யானைக்கால் மாதிரி வந்துச்சு, திமில் வானத்துல முட்டுச்சு. நீங்க அதைப் பார்த்து, "அருமையான கோணம், நல்ல முன்னேற்றம்"னீங்க. எங்களுக்குத் திக்குன்னுச்சு. சந்தையில ஒருத்தன் உருப்படியைப் புகழ்ந்தான்னா அதை எவன் தலையிலயோ கட்டப் பார்க்கறான்னு அர்த்தம். நல்லவேளை, அடுத்த வார்த்தையே குறை சொன்னீங்க. "ஆனா மாட்டுக்குப் பின்னாடி ஒரே அடைசலா இருக்கு. பின்னாடி எதுவும் இல்லாமப் பார்த்துக்குங்க."

பின்னாடி இருந்தது மாட்டுக்கொட்டாய். அதைப் பிரிச்சோம். கொட்டாய் போனதும் அதுக்குப் பின்னாடி இருந்த வைக்கோல்போர் தெரிஞ்சுது. அதையும் தள்ளினோம். போர் போனதும் என்ற வீடு தெரிஞ்சுது. அவிநாசி ஏணியை எடுத்துட்டு வந்து கூரையில சாத்தினான். அப்ப என்ற சம்சாரம் வேலாத்தாள் வெளிய வந்தா.

"ஏனுங்க, மாட்டை அக்கட்டாலே திருப்பிக் கட்டினா ஆகாதுங்களா?"

ராக்கியண்ணன்தான் பதில் சொன்னான். "அக்கா, அப்படித் திருப்பினா சூரியன் முன்னால வந்துரும். படம் எடுக்கற சமாச்சாரம் உனக்குத் தெரியாது." அவ ஏணியை மட்டும் எடுத்துட்டு உள்ள போயிட்டா. அன்னைக்குப் பார்த்து மழை. கொட்டாய் இல்லாததால காளை எங்க கூடத்துல படுத்துச்சு. நான் வாசல்ல படுத்தேன்.

கடைசியா ஒண்ணு சொன்னீங்க பாருங்க, அதுதான் இன்னைக்கு என்ற கழுத்துல நிக்குது. "கேமராவுக்கு மாட்டைப் பழக்குங்க. கேமராவைத் தூக்கினதும் அது நிமிர்ந்து நின்னா வெல்லம் குடுங்க. அது நிக்கற வரைக்கும் நீங்க யாரும் அசையக் கூடாது. தினமும் செய்ங்க. பழகப் பழக வந்துரும்."

பழகப் பழக வந்துச்சு. எங்களுக்கில்லை, காளைக்கு. கேமராவைத் தூக்கினா போதும், இடது பக்கமா முகத்தைத் திருப்பி, தாடையைத் தூக்கி, முன்னங்கால் ஒண்ணை எட்டி வெச்சு, அரண்மனை வாசல்ல சிலை செஞ்சு வெச்ச மாதிரி நிக்கும். நாங்க மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். "இப்ப அமுக்குங்க"ன்னு அடுப்படியில இருந்தே வேலாத்தாள் சொல்லுவா. அமுக்குவோம். அப்படி வந்த படத்தைப் பார்த்துத்தான் நீங்க எனக்குக் கை குடுத்தீங்க. வெட்கமில்லாம நானும் வாங்கிக்கிட்டேன்.

பண்ணைக்காரர் இன்னைக்குக் காலையில லாரியோட வந்துட்டார். கண்ணைப் பார்த்தார், காலைத் தடவினார். "படத்தைவிட நேர்ல ஜோரா இருக்குங்க. நடை மட்டும் பார்த்துட்டா ஏத்திருவேன்"னார். மயிலையை ரோட்டுல நடத்தினேன். என்ன நடைங்கறீங்க, நானே ரெண்டாந்தரம் வாங்கியிருப்பேன். அந்த அழகுல மயங்கி அந்த மனுசன் வீட்டுல காட்டலாம்னு போனைத் தூக்கினார்.

நின்னுருச்சு. இடது பக்கம் முகம், தாடை மேல, கால் முன்னால.

வெல்லம் குடுத்தோம். தின்னுட்டு இன்னும் நிமிர்ந்துச்சு. பண்ணைக்காரர் போனைப் பையில போட்டார். அதுக்குள்ள டவுன் பஸ் வந்து ஹாரன் அடிச்சுது. காளை நிக்கற தோரணையைப் பார்த்ததும் ஜன்னலுக்கு ஒரு போன் வெளிய நீண்டுச்சு. அத்தனை பேருக்கும் சேர்த்து நின்னுச்சு. அந்த பஸ்ஸுல நம்ம சந்தைக்காரன் ஒருத்தன் இருந்து தொலைச்சான். பண்ணைக்காரரைப் பார்த்துச் சொல்றான்:

"ஐயா, அதுக்கு முன்னங்கால் கோணலுங்க. பாருங்க, எப்படி வெச்சிருக்குதுன்னு. சென்னியப்பண்ணனே வாய்விட்டுச் சொல்லியிருக்காரு."

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். "பொழுது சாயற வரைக்கும் இருப்பேங்க. பத்தடி நடந்து காட்டட்டும். இல்லேன்னா வெறும் லாரியாத் திரும்பறேன்."

பத்தடியை நான் பேசிப் பேசி ரெண்டடிக்கு முடிச்சு வெச்சிருக்கேன். இந்தக் கலவரத்துலயும் அதை மட்டும் விடலை. இப்ப வேண்டியது ரெண்டே அடி. அதையும் காளை வைக்க மாட்டேங்குது.

அது நிக்கற வரைக்கும் நாங்க அசையக் கூடாதுன்னு நீங்க சொன்னபடி, மூணு பேரும் அசையாம நிக்கறோம். நான் சொல்லச் சொல்ல வேலாத்தாள்தான் இதை எழுதறா. நடுநடுவுல அவ சிரிக்கறதால எழுத்து கோணலா இருக்கும். உங்களுக்குப் போன் பண்ணலாம்னு அவிநாசி எடுத்தான். அதைப் பார்த்துட்டு இது தாடையை இன்னும் ஒரு விரக்கடை தூக்கிருச்சு.

அதனால மரியாதையாச் சொல்றேன். பழக்கி விட்டது நீங்க. படம் எடுத்து முடிஞ்சுதுன்னு அதுகிட்ட வந்து சொல்ல வேண்டியதும் நீங்கதான். நாங்க சொன்னா நம்ப மாட்டேங்குது. வர்றப்ப கேமராவை மட்டும் கொண்டுட்டு வந்துராதீங்க. இந்தக் கடுதாசியை இங்க நிக்கற பஸ் டிரைவர்கிட்டயே குடுத்தனுப்பறேன். நல்ல மனுசன், காளை நகர்ந்ததும் நேரா உங்க கடைக்குக் கொண்டுவந்து குடுத்தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கார். கையில கிடைச்சதும் சாக்குப்போக்குச் சொல்லாம உடனே கிளம்பி வந்து இதை நகர்த்திக் குடுங்க.