திறக்காத மட்டி

ஆற்றின் நடுவே ஒரு பாறைத் திட்டில் இரண்டு நீர்நாய்கள் குடியிருந்தன. மூத்தவள் மருதாயி, இளையவள் நாச்சி. அண்ணன் தம்பிகளைக் கட்டியவர்கள். இருவருக்கும் பால் மறந்த வயதில் ஆளுக்கொரு பிள்ளை. மருதாயியின் பிள்ளை குட்டன், நாச்சியின் பிள்ளை சுழியன்.

ஒரு நாள் நாச்சி, சுழியனுக்கு வயிறு நிறைய மீன் ஊட்டிவிட்டு, ஓடு மூடிய மட்டிச் சிப்பி ஒன்றை அவன் முன்னால் உருட்டிவிட்டாள். அவன் அதைக் கடித்தான். பல் வழுக்கியது. பாறையில் தட்டினான். அது துள்ளித் தண்ணீரில் விழுந்தது. எடுத்து வந்து மறுபடி தட்டினான். திறக்கவில்லை. சிணுங்கினான்.

மருதாயிக்குப் பொறுக்கவில்லை.

"பச்சைப் பிள்ளை கையில கல்லைக் கொடுத்துட்டு வேடிக்கை பாக்கிறியே, நீயெல்லாம் பெத்தவளா?"

மட்டியைப் பிடுங்கினாள். ஒரே கடியில் உடைத்துச் சதையை எடுத்துச் சுழியன் வாயில் வைத்தாள். அவன் அதைத் துப்பிவிட்டு, மல்லாந்து விழுந்து கத்தினான்.

"பாத்தியா? பிள்ளைக்கு எவ்வளவு பசி."

"பசி இல்லக்கா. நீங்க திறந்துட்டீங்கன்னு அழறான்" என்றாள் நாச்சி.

மருதாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நல்லது செய்தவளுக்கு இதுதானா மரியாதை? கரையில் கண்ட ஆமையிடமும் கொக்கிடமும் சொல்லிச் சொல்லிப் பொருமினாள். "என் பிள்ளை வாயைத் திறந்தாப் போதும், நான் ஊட்டிடுவேன். ஒரு மட்டியை அவன் தொட்டதில்ல."

மழைக்காலம் வந்தது. ஒரு காலை பிள்ளைகளைத் திட்டில் விட்டுவிட்டுத் தாய்கள் இருவரும் அக்கரைக்கு இரை தேடப் போயிருந்தபோது, மேற்கே பெய்த மழை வெள்ளமாக இறங்கியது. மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு வந்த தண்ணீரில் நீந்த முடியவில்லை. "உன் பேச்சைக் கேட்டு வந்தேன் பாரு" என்று மருதாயி நாச்சியின் மேல் பாய்ந்தாள். நாச்சி திட்டையே பார்த்திருந்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில்தான் வெள்ளம் தணிந்தது. ஆளுக்கொரு மீனைக் கவ்விக்கொண்டு திட்டில் ஏறினார்கள்.

வெள்ளம் பாறை இடுக்குகளில் மட்டிகளை ஒதுக்கியிருந்தது. சுழியனைச் சுற்றி நாலைந்து உடைந்த ஓடுகள். அவன் உதடு கிழிந்திருந்தது. குட்டன் வாயோரமும் சதைத் துணுக்கு ஒட்டியிருந்தது. சுழியன் பாதி பாதி பங்கு போட்டிருக்கிறான். குட்டன் ஒரு முழு மட்டியை நெஞ்சோடு அணைத்தபடி சுருண்டு கிடந்தான்.

"பெரியம்மா, இவன் தட்டவே மாட்டேங்கிறான்" என்றான் சுழியன்.

குட்டன் கண்ணைத் திறந்தான். அம்மாவைக் கண்டதும் மட்டியை நீட்டினான். "திற."

மருதாயிக்குக் கோபம் பொங்கியது. இந்த முறை அதைக் கொட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. முதலில் மீனை ஊட்டினாள். வயிறு நிறைந்தபின் அவன் மறுபடி மட்டியை நீட்டினான். அவள் பற்கள் தாமாகவே ஓட்டின் மேல் போய்விட்டன. அப்படியே நின்றாள். பிறகு மட்டியைப் பாறையில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

குட்டன் வீறிட்டான்.

"அழு. அழுதுட்டுத் தட்டு" என்றாள் மருதாயி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் வால் மட்டும் பாறையில் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து, அழுகைக்கு நடுவே, டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

குழந்தை தானே கண்டுபிடிக்க வேண்டியதை அன்பென்று சொல்லி நாம் செய்து கொடுப்பது, அதன் கையிலிருந்து பறிப்பதுதான்.